தண்ணீர் கொடுத்தவர்களுக்குப் பதில்

தருமபுரிப் பக்கம் ஆளின் பல்லைப் பார்த்தே எந்த ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவர் என்று சொல்லிவிடலாம் என்பார்கள். முதலில் பல்லின் குறுக்கே சுண்ணாம்பு இழுத்ததுபோல ஒரு வெளுப்பு தெரியும். கொஞ்சம் கூடினால் மஞ்சள், இன்னும் கூடினால் காவி, முற்றினால் பல்லில் குழி விழும். குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. இந்தியத் தரக் குறியீடு 1 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாக வைத்து, வேறு நீருக்கு வழியில்லாத இடத்தில் மட்டும் 1.5 வரை விடுகிறது. பல் உருவாகும் வயதில், அதாவது எட்டு வயதுக்குள், இந்த அளவு மீறிய தண்ணீரைக் குடித்து வந்த குழந்தையின் பல்லில் ஏறும் கறை எந்தப் பற்பொடிக்கும் போகாது. மிக அதிகமான அளவை ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களுக்கு மூட்டும் முதுகெலும்பும் இறுகிப்போகும்.

1990-களின் தொடக்கத்தில் முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்டது இந்தத் தண்ணீரை. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். பெண்பிள்ளை ஊர் ஊராகக் கேன் தூக்கிக்கொண்டு அலைவதா என்று சித்தப்பா கேட்டார். அம்மா, "போயிட்டு வரட்டும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும் என்பதால் மாதிரி பிடிக்கக் கண்ணாடிப் புட்டி ஆகாது, பாலித்தீன் கேன் வேண்டும். அடிகுழாயைச் சற்று நேரம் அடித்து, குழாயில் தேங்கி நின்ற நீரை விட்டுவிட்டு, புதிதாக வரும் நீரிலேயே கேனை அலசிப் பிடிக்க வேண்டும். பிறகு பிளாஸ்டர் ஒட்டி ஊர்ப்பெயரும் தேதியும் எழுத வேண்டும். எல்லா ஊரிலும் எனக்காக அடிகுழாயை அடித்துக் கொடுத்தவர்கள் அந்தந்தத் தெருப் பெண்கள். தங்கள் குடத்தை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு என் கேனை நிரப்பினார்கள்.

பென்னாகரம் பக்கத்தில் ஒரு பாட்டி கேட்டார்: "உனக்கு முன்னாடியும் வந்து புடிச்சிக்கிட்டுப் போனாங்க கண்ணு. என்னா வந்துச்சுன்னு ஒருத்தரும் திரும்பி வந்து சொல்லலை. நீயாச்சும் சொல்லுவியா?"

சொல்கிறேன் என்றேன். அந்தச் சொல்லைக் காப்பாற்ற அன்று என்ன தேவைப்பட்டது, இன்று என் மாணவிக்கு என்ன தேவைப்படுகிறது என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இளம் ஆய்வாளரை வளர்ப்பது என்றும், ஆய்வை மக்களிடம் கொண்டுசெல்வது என்றும் இரண்டு தலைப்பில் பல்கலைக்கழகங்கள் இப்போது பேசுகின்றன. என் அனுபவத்தில் இரண்டும் ஒரே வேலை. அதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது. ஆனால் அந்தச் சிறிய பணம் உரிய நேரத்தில் உரிய கைக்கு வருவது அன்றும் அரிது, இன்றும் அரிது.

அப்போதைய நிலைமையைச் சொல்கிறேன். ஃபெலோஷிப் மாதாமாதம் வராது. சில மாதங்கள் சேர்ந்து அரியர்ஸாக வரும். வந்ததும் ஹாஸ்டல் மெஸ் பாக்கியைக் கட்டினால் பாதி தீர்ந்துவிடும். கன்டின்ஜென்சி என்று ஆண்டுக்கு ஒரு தொகை உண்டு. ரசாயனம், புத்தகம், தாள், டைப்பிங், களப்பயணம் ஆகியவற்றை அதில் காட்டலாம். முதலில் கைக்காசைப் போட்டுச் செலவு செய்து, வவுச்சரும் பஸ் டிக்கெட்டும் சேர்த்துக் கொடுத்தால் பிறகு பில் செட்டில் ஆகும். மாதிரி எடுக்கப் போன பயணத்துக்கு அதில் இடம் இருந்தது. அளவைச் சொல்ல ஊருக்குத் திரும்பிப் போகும் பயணத்துக்கு இடம் இல்லை. என் கைடு நல்ல மனிதர், "போய்ச் சொல்லிட்டு வாம்மா, அது உன் கடமை" என்று கையெழுத்துப் போட்டே கொடுத்தார். அலுவலகத்தில் சூப்பரிண்டெண்ட் தாளைப் புரட்டிவிட்டு, "இது ஆராய்ச்சிச் செலவும் இல்லை, கருத்தரங்குச் செலவும் இல்லை. எந்த ஹெட்ல போடறது?" என்று கேட்டார். அவர் கெட்டவர் அல்லர். விதிப்புத்தகத்தில் அப்படி ஒரு ஹெட் உண்மையிலேயே இல்லை. மாதிரியை எடுத்துக்கொண்டு வருவது ஆராய்ச்சி, முடிவைக் கொண்டுபோய்க் கொடுப்பது ஆராய்ச்சி ஆகாது என்று யாரோ எப்போதோ தீர்மானித்திருந்தார்கள்.

ஆனால் பல்கலைக்கழகத்துக்கு வெளியே அன்று ஒரு பெரிய ஓட்டம் இருந்தது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980-லேயே தொடங்கியிருந்தது. 1987-லிருந்து சிறுவர் அறிவியல் இதழ் 'துளிர்' வந்துகொண்டிருந்தது. 1990-களின் தொடக்கத்தில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் மாவட்டம் மாவட்டமாகப் பரவியது. புதுக்கோட்டையில் எழுதப் படிக்கக் கற்ற பெண்கள் சைக்கிள் ஓட்டவும் கற்று ஊருக்கு ஊர் போன காலம் அது. 1993-ல் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு தொடங்கியது, பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினையைத் தாங்களே ஆராய்ந்து வந்து மேடையில் சொன்னார்கள். அறிவொளித் தொண்டர்கள் சிலர் எனக்குத் துணைக்கு வந்தார்கள். ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் தையல்காரர், ஒருவர் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டில் இருந்த பெண். மாலையில் தெருவிளக்கின் கீழே சார்ட் மாட்டி, தப்பு அடித்து ஊரைக் கூட்டி, எந்தக் குழாயில் என்ன அளவு என்று சொன்னோம். ஊராட்சித் தலைவரின் சம்மதத்தோடு, அளவு கூடிய அடிகுழாயில் சிவப்பும் குறைந்ததில் பச்சையும் பூசினோம். பெயின்டும் பிரஷும் சார்ட்டும் டீயும் என் அரியர்ஸில் வந்தவை.

அந்தக் கூட்டங்களில் எனக்குக் கிடைத்த பயிற்சியை எந்த வகுப்பிலும் யாரும் தந்ததில்லை. பி.பி.எம். என்றால் யாருக்கும் புரியவில்லை. "மில்லிகிராம்" என்றதும் மருந்துக்கடை நினைவு வந்தது அவர்களுக்கு. தண்ணீரைக் கொதிக்கவைத்தால் போய்விடுமா என்று ஒருவர் கேட்டார். போகாது, நீர் ஆவியாகிற அளவுக்கு மிச்சத்தில் ஃபுளோரைடு கூடவே செய்யும் என்று சொல்ல வேண்டியிருந்தது. கொதித்த நீர் நல்ல நீர் என்று சுகாதாரத் துறை பல காலமாகச் சொல்லிவந்த ஊரில், அதை மறுப்பதுபோல் ஒலிக்காமல் இதைச் சொல்ல வேண்டும். கிருமிக்குக் கொதிக்கவைப்பது சரி, இந்த உப்புக்கு அது உதவாது என்று பிரித்துச் சொல்ல எனக்குச் சில ஊர்கள் பிடித்தன. ஒரு விஷயத்தை எளிமையாகச் சொல்ல வேண்டுமானால் அதை நாம் முழுதாகப் புரிந்திருக்க வேண்டும். என் ஆய்வேட்டின் முன்னுரையை அதன்பிறகு முழுவதும் திருத்தி எழுதினேன்.

அதைவிடப் பெரியது, ஒரு பெண் கேட்ட கேள்வி. இடுப்பில் குழந்தை. அதன் அக்காவுக்கு ஏற்கெனவே பல்லில் காவி. "கெட்ட பைப்பு எதுன்னு சொல்லிட்டீங்க. நல்ல தண்ணி எங்க இருக்குன்னு சொல்லாம போனா நாங்க எதைக் குடிக்கிறது?" என்றார். கூட்டம் அமைதியாகிவிட்டது. என்னிடம் பதில் இல்லை. என் ஆய்வுத் திட்டம் ஆழ்துளைக் கிணறுகளையும் அடிகுழாய்களையும் மட்டுமே கணக்கில் எடுத்திருந்தது. கைவிட்ட திறந்த கிணறுகளை யாரும் அளக்கச் சொல்லவில்லை.

திரும்பி வந்து கைடிடம் சொன்னேன். ஏரிக்கரையை ஒட்டிய ஆழமில்லாத கிணறுகளை மழைக்கு முன்னும் மழைக்குப் பின்னும் அளந்தோம். அந்தப் பகுதியின் பாறை கடினப்பாறை. அதில் உள்ள கறுப்பு மைக்கா, ஹார்ன்பிளெண்டு, அபடைட் போன்ற கனிமங்களில் ஃபுளோரைடு இருக்கிறது. காரத்தன்மை கூடி, சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்து, சுண்ணாம்புச்சத்து குறைந்த நீர் பாறையோடு நெடுங்காலம் உறவாடும்போது ஃபுளோரைடு நீரில் இறங்குகிறது. போர் போட்டு ஆழத்துக்குப் போகப் போக அப்படிப்பட்ட பழைய நீர்தான் மேலே வருகிறது. ஏரியில் தண்ணீர் நின்றால் பக்கத்துக் கிணற்றில் புதுநீர் ஊறிக் கலக்கும், அளவு குறையும். நாங்கள் அளந்த கிணறுகளில் பலவற்றில் அப்படியே இருந்தது. என் ஆய்வேட்டில் தேர்வாளர்கள் இருவரும் தனியாகப் பாராட்டிய அத்தியாயம் அது. அந்த அத்தியாயத்தை எனக்குக் கொடுத்தவர் இடுப்பில் குழந்தையோடு நின்ற அந்தப் பெண்.

இந்தத் துறையின் வரலாறே அப்படித்தான். எலும்பை முடக்கும் ஃபுளோரோசிஸ் அன்றைய சென்னை மாகாணத்தில் ஊர்நோயாக இருப்பதை ஷார்ட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1937-ல் வெளியிட்டார்கள். நெல்லூர் வட்டாரத்தில் தங்கள் உழவு மாடுகள் நடக்கத் திணறுவதை அதற்கு முன்பே விவசாயிகள் கவனித்திருந்தார்கள். மக்களிடம் போவது அறிவியலைக் கொடுக்க மட்டும் என்று நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். என்னோடு ஆய்வு செய்த தோழி ஒருத்தி, ஃபெலோஷிப் இல்லாதவள், இரண்டு டியூஷன் எடுத்துக்கொண்டே ஆய்வகத்துக்கு வந்தவள். தோல் தொழிற்சாலைக் கழிவுநீரைப் பற்றி அவளிடம் சொல்ல எவ்வளவோ இருந்தது. அவளால் ஒரு ஊருக்கும் திரும்பிப் போக முடியவில்லை. கைக்காசு போட முடிந்தவர்களுக்கு மட்டும் கடமை வாய்த்தது. குழந்தை பிறந்ததும் ஆய்வைக் கைவிட்ட பெண்கள் எங்கள் துறையிலேயே இருந்தார்கள். முனைவர் பட்ட ஆய்வு செய்யும் பெண்களுக்கு 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) விதியில் வந்தது 2016-ல். அது எங்கள் காலத்தில் இருந்திருந்தால் இன்று பேராசிரியர்களாக இருந்திருக்க வேண்டியவர்கள் சிலரை எனக்குத் தெரியும்.

இப்போது என்னிடம் ஆய்வு செய்யும் மாணவியின் நிலைமை பலவகையில் மேல். ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை 2010-ல் மாதம் 16,000 ரூபாயாக இருந்தது. 2014-ல் 25,000, 2019-ல் 31,000, 2023-ல் 37,000 என்று ஏறியது. ஒவ்வொரு ஏற்றத்துக்குப் பின்னாலும் நாடெங்கும் ஆய்வு மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராடியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாநில அரசும் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை என்று மாதம் 25,000 ரூபாய் தருகிறது. ஆனால் கன்டின்ஜென்சி அந்த வேகத்தில் ஏறவில்லை. அறிவியல் துறையில் யூஜிசி ஜே.ஆர்.எஃப். வாங்குபவருக்கு முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000, அதன்பின் 25,000. ஒரு ஃபுளோரைடு எலெக்ட்ரோடு வாங்கவே அது போதாது. எந்த உதவித்தொகையும் இல்லாமல், தனியார் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே பகுதிநேரமாக ஆய்வு செய்பவர்களோ இந்தக் கணக்கிலேயே வருவதில்லை.

மக்களிடம் போவதைப் பற்றி அன்று யாரும் எங்களைக் கேட்டதில்லை. இன்று எல்லோரும் கேட்கிறார்கள். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2018-ல் அவ்சார் என்ற பெயரில் இளம் ஆய்வாளர்கள் தங்கள் ஆய்வைப் பொதுமக்களுக்குக் கதையாக எழுதும் போட்டியைத் தொடங்கி, தேர்வான எழுத்துகளுக்கு 10,000 ரூபாய் கொடுத்தது. 2022-ல் அறிவியல்சார் சமூகப் பொறுப்புக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஒவ்வோர் அறிவியலாளரும் ஆண்டுக்குக் குறைந்தது 10 நாள் சமூகத்துக்காகத் தர வேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது. கல்லூரிகளையும் பல்கலைக்கழகங்களையும் தரப்படுத்தும் நாக் மதிப்பீட்டில் ஆராய்ச்சியோடு விரிவாக்கப் பணிக்கும் மதிப்பெண் உண்டு. மறுபக்கம், அறிவியலை மக்கள் மொழிகளில் கொண்டுசெல்ல 1989-ல் தொடங்கிய விஞ்ஞான் பிரசார் நிறுவனத்தை 2023-ல் மூடிவிட்டார்கள். எழுது என்று சொல்லிக்கொண்டே எழுதும் இடத்தைக் குறைப்பது எனக்கு இன்றும் வலிக்கிறது.

தண்ணீரும் மாறிவிட்டது. ஜப்பானிய நிதியுதவியோடு 1,928 கோடி ரூபாய்க்குத் திட்டமிட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் பயன்பாட்டுக்கு வந்து, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீர் போகிறது. ஃபுளோரோசிஸைத் தடுப்பது அதன் பெயரிலேயே இருக்கும் நோக்கம். புதிதாகப் பல் முளைத்த பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு நிறைவாக இருக்கிறது. ஆனாலும் காவிரி நீர் வராத நாளில், குழாய் உடைந்த வாரத்தில், ஊர் பழைய போருக்குத் திரும்புகிறது. மற்ற நாளில் கேன் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர். எந்தக் குடும்பம் எந்தத் தண்ணீரை எத்தனை நாள் குடிக்கிறது, அதில் ஃபுளோரைடு எவ்வளவு என்பது என் மாணவியின் ஆய்வு.

அவள் மாதிரிகளை அளந்து முடித்த நேரத்தில், இளம் ஆய்வாளர்களுக்கான மக்கள் தொடர்பு நிதி என்று ஒரு பல்கலைக்கழக அறிவிப்பு வந்தது. சிறிய தொகை. எங்கள் வேலைக்குத் தாராளமாகப் போதும். இருவருமே மகிழ்ந்தோம். இப்படி ஒரு பணத்துக்காக நான் எத்தனை கமிட்டிகளில் பேசியிருக்கிறேன்! அவள் இரவெல்லாம் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினாள். படிவம் கேட்டவை: நோக்கம், பயனாளிகள் எண்ணிக்கை, பெண் பயனாளிகள் எண்ணிக்கை, எதிர்பார்க்கும் விளைவு, அந்த விளைவை அளக்கும் முறை, ஊடக வெளிச்சம். ஊரின் பெயரைக் கேட்கும் கட்டம் இல்லை.

ஒப்புதல் வந்தது பிப்ரவரி கடைசியில். மார்ச் 31-க்குள் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்றிதழ் (யூசி) கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் பணம் திரும்பிவிடும். மார்ச்சில் பள்ளிகளில் பொதுத்தேர்வு. பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட முடியாது, மைக் வைக்கவும் முடியாது. முன்பணம் கிடையாது, செலவு செய்துவிட்டுக் கேட்டு வாங்க வேண்டும். அந்தச் சமயத்தில் அவளுடைய ஃபெலோஷிப்பும் சில மாதங்கள் நிலுவையில் இருந்தது. வண்டிக்கும் அச்சுக்கும் அவளுடைய அப்பா, லாரி பட்டறையில் வேலை செய்பவர், பணம் புரட்டிக் கொடுத்தார். அன்று நான் என் அரியர்ஸைப் போட்டேன். இன்று நிதி ஒதுக்கியாகிவிட்ட பிறகும் ஒரு பட்டறைத் தொழிலாளியின் பணம் முன்னால் போய் நிற்கிறது.

கூட்டங்கள் நடந்தன. ஊருக்குப் போனதும் அவள் எவ்வளவு நன்றாகச் செய்தாள் என்பதை எழுதாமல் இருக்க முடியவில்லை. ஆர்.ஓ. இயந்திரம் விற்க வருபவர்கள் வீடுவீடாக ஒரு சிறு மீட்டரை நீரில் முக்கி, எண் கூடினால் கெட்ட தண்ணீர், குறைந்தால் நல்ல தண்ணீர் என்று சொல்லி வைத்திருந்தார்கள். அது டி.டி.எஸ். மீட்டர். நீரில் கரைந்துள்ள உப்புகளை மொத்தமாக மதிப்பிடும், எந்த உப்பு என்று சொல்லாது. மீட்டரில் நல்லதாகத் தெரியும் தண்ணீரிலும் ஃபுளோரைடு கூடுதலாக இருக்கலாம். இதை விளக்க அவள் இரண்டு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். இரண்டிலும் மீட்டர் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டியது. பிறகு ஃபுளோரைடு கிட்டின் மருந்தை விட்டதும் இரண்டும் இரண்டு நிறமாக நின்றன. முன்வரிசையில் இருந்த அம்மா எழுந்து வந்து, "அப்ப அந்த மிஷின்காரன் எங்களை ஏமாத்திட்டானா பாப்பா?" என்றார். "ஏமாத்தலைங்கம்மா, பாதியைத்தான் சொல்லியிருக்கார்" என்றாள் அவள். எனக்கு அவ்வளவு பக்குவமாகப் பதில் சொல்ல வந்திருக்காது.

2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைக் கிட்டைப் பயன்படுத்தப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. அப்படிப் பயிற்சி பெற்ற ஒரு பெண் அங்கே இருந்தார். கிட்டில் வந்த நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு எழுதி வைத்திருந்த நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். மாதவாரியாக எழுதிய எண்கள். ஆய்வகத்தில் எலெக்ட்ரோடு வைத்து அளந்த எண்களோடு என் மாணவி அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நிறத்தை வைத்துச் சொன்ன அளவு என்பதால் துல்லியம் குறைவு, ஆனால் எந்த மாதம் ஏறுகிறது, எந்த மாதம் இறங்குகிறது என்பது பொருந்தி வந்தது. நாங்கள் ஆண்டுக்கு இருமுறை எடுத்த மாதிரியில் கிடைக்காத தகவல் அது. அந்த நோட்டுக்கு உரியவரை ஆய்வுக் கட்டுரையில் இணை ஆசிரியராகப் போட வேண்டும் என்று நான் சொல்லியிருக்கிறேன், போடுவோம்.

கேள்வி நேரத்தில் ஒரு இளைஞர் எழுந்தார். "ஆர்.ஓ.ல பிரிச்சு எடுத்த உப்பெல்லாம் கழிவுத் தண்ணியில போகுதே மேடம், அந்தத் தண்ணி எங்க போகுது?" என்றார். ஊருக்குப் பின்னால் ஓடைக்குப் போகிறது என்று அவர்களே பதிலும் சொன்னார்கள். ஓடை போய்ச் சேரும் குட்டையில் மாடு குடிக்கிறது, பக்கத்தில் கிணறும் இருக்கிறது. பிரித்தெடுத்த ஃபுளோரைடு செறிவாகி மீண்டும் நிலத்துக்கே திரும்புகிறதா என்பதை அங்கே யாரும் அளந்து பார்த்திருக்கவில்லை. அன்று இரவு திரும்பும் வண்டியில் என் மாணவி பேசிக்கொண்டே வந்தாள். அவளுக்கு அடுத்த ஆய்வு கிடைத்துவிட்டது.

அறிக்கை எழுத உட்கார்ந்தபோது இதில் எதற்கும் கட்டம் இல்லை. ஜியோடேக் போட்ட புகைப்படம் வேண்டும், தேதியும் இடமும் படத்திலேயே தெரிய வேண்டும், பேனர் தெரிய வேண்டும், பேனரில் பல்கலைக்கழகச் சின்னம் தெரிய வேண்டும். வருகைப் பதிவேடு, கையெழுத்து, கைபேசி எண், ஜிஎஸ்டி எண்ணோடு பில். தப்பு அடித்தவருக்குக் கொடுத்த பணத்துக்கு ஜிஎஸ்டி பில் எங்கே என்று கேட்டார்கள். டீக்கடைக்காரர் சிறு நோட்டில் எழுதிக் கொடுத்த சீட்டு செல்லாது என்றார்கள். எத்தனை பேருக்குச் சொன்னீர்கள் என்று கேட்கும் படிவம், அவர்கள் என்ன கேட்டார்கள் என்று ஓரிடத்திலும் கேட்கவில்லை. அந்த நோட்டையும் அந்த இளைஞரின் கேள்வியையும் என் மாணவி "இதர விவரங்கள்" என்ற இடத்தில் நுணுக்கி நுணுக்கி எழுதினாள்.

கணக்குக் கேட்பதை நான் எதிர்க்கவில்லை. மக்கள் பணம், கணக்கு வேண்டும். ஆனால் கணக்குக்காக வேலையின் உருவமே மாறுவதை எதிர்க்கிறேன். கூட்டம் நிறைந்த படம் வேண்டும் என்பதற்காக நான்கு தெருக்களில் உட்கார்ந்து பேச வேண்டியதைக் கல்யாண மண்டபத்தில் ஒரே கூட்டமாகப் போடுபவர்களைப் பார்க்கிறேன். குற்றம் அந்தப் பிள்ளைகள்மேல் இல்லை. படிவம் எதை எண்ணுகிறதோ அதையே அவர்கள் செய்கிறார்கள்.

இளம் ஆய்வாளருக்குப் பயிற்சியும் நேரமும் தருவதைப்பற்றிப் பிரிட்டனில் முன்பே யோசித்தார்கள். 2002-ல் கேரத் ராபர்ட்ஸ் தலைமையில் வந்த அறிக்கை, ஆய்வு மாணவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு வாரமாவது பிற திறன்களில் பயிற்சி வேண்டும் என்றது. அதற்கென்று தனித்தலைப்பில் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி பவுண்டு பல்கலைக்கழகங்களுக்குப் போனது. பேசவும் எழுதவும் மக்களைச் சந்திக்கவும் ஒரு தலைமுறை அதில் பயின்றது. 2011-ல் அந்தத் தனிநிதி நின்றபோது, பயிற்சியை வழக்கமாக்கிக்கொண்ட இடங்களில் அது தொடர்ந்தது. ஆய்வாளர் வளர்ச்சிக்காக அவர்கள் செய்துகொண்டு 2019-ல் திருத்திய உடன்படிக்கை, ஆய்வுப் பணியாளருக்குத் தன் வளர்ச்சிக்காக ஆண்டுக்கு 10 நாள் கொடுக்கச் சொல்கிறது. நம் அறிவியல்சார் சமூகப் பொறுப்பு நெறிமுறையும் 10 நாள் என்கிறது. அங்கே அந்த 10 நாள் நிறுவனம் ஆய்வாளருக்குத் தர வேண்டியது. இங்கே ஆய்வாளர் சமூகத்துக்குத் தர வேண்டியது. இரண்டும் வேண்டும் என்பேன். கொடு என்று கேட்பவர்கள் கொடுப்பதற்கான பயிற்சியையும் நேரத்தையும் முதலில் அவர்கள் கையில் வைக்க வேண்டும்.

என்ன செய்யலாம் என்று கேட்டால் எனக்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். மாதிரியோ பேட்டியோ தகவலோ மக்களிடமிருந்து எடுக்கும் ஒவ்வொரு ஆய்விலும், அவர்களிடம் திரும்பிப் போகும் பயணத்தைக் கன்டின்ஜென்சியில் செலவாக ஏற்க வேண்டும். மக்கள் தொடர்புக்கான சிறு தொகையைத் துறைத்தலைவரே சில நாட்களில் அனுமதிக்கும்படி வைத்து, முன்பணமாகக் கொடுக்க வேண்டும். நிதியாண்டு முடிந்தாலும் அது அடுத்த ஆண்டுக்கு நகர வேண்டும், ஏனென்றால் ஊர்க்கூட்டம் அறுவடையையும் தேர்வையும் திருவிழாவையும் பார்த்துத்தான் கூடும். ஃபெலோஷிப் இல்லாதவர்களுக்கும் பகுதிநேர ஆய்வாளர்களுக்கும் அதில் உரிமை வேண்டும். தப்பு அடிப்பவருக்கும் கூத்துக் கலைஞருக்கும் பேச்சாளருக்குக் கொடுப்பதுபோல மரியாதைத் தொகை என்றே எழுதிக் கொடுக்க வேண்டும். யூஜிசி விதிப்படி ஆய்வேடு ஷோத்கங்கா களஞ்சியத்தில் ஏறுகிறது. ஆங்கிலத்தில் இருக்கும் அந்தப் பக்கங்களோடு, தண்ணீர் கொடுத்த ஊர் படிக்கும்படி தமிழில் சில பக்கங்களைச் சேர்த்து ஊராட்சி அலுவலகத்தில் ஒரு பிரதி கொடுத்த பிறகே வைவா என்று வைத்தால் எந்தக் கைடுக்கும் அதில் சிரமம் இருக்காது. இவற்றை எங்கள் ஆய்வுக் குழுவில் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். தமிழ்ச் சுருக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள். மற்றவை நிதி அலுவலரின் மேசையில் இருக்கின்றன, வாரம் ஒருமுறை போய்க் கேட்கிறேன்.

மாணவி செலவழித்த பணம் ஆகஸ்டில் வந்தது, தப்புக்காரருக்குக் கொடுத்ததும் டீக்கடைச் சீட்டும் போக. வந்ததை அப்படியே அப்பாவிடம் கொடுத்துவிட்டாள். இப்போது அந்த ஓடையின் மேலும் கீழும், குட்டையிலும், கிணற்றிலும் மாதிரி எடுக்க ஆரம்பித்திருக்கிறாள். நோட்டு எழுதும் பெண் மாதாமாதம் கேனில் பிடித்துவைக்கச் சம்மதித்திருக்கிறார், அதற்கு ஒரு சம்பளம் போட்டிருக்கிறோம். அடுத்த விண்ணப்பத்தில், தை மாதம் அறுப்பு முடிந்ததும் அளவுகளைச் சொல்லப் போகும் செலவு என்று முதல் வரியிலேயே எழுதி, ஊரின் பெயரையும் எழுதி, முன்பணம் கேட்டிருக்கிறோம்.